இரண்டாவது கிளாரினெட்

கிளாரினெட்டை நான் தேர்ந்தெடுக்கவில்லை. மட்டக்களப்பில் நான் படித்த கன்னியர் மடப் பாடசாலையில் ஒரு பாண்ட் இருந்தது. விளையாட்டுப் போட்டிக்கும் கோயில் திருநாளுக்கும் வாசிப்போம். பிள்ளைகளைச் சேர்த்த அன்று எல்லோரும் ட்ரம்பெட்டுக்கும் முரசுக்கும் முண்டியடித்தார்கள். மேசை ஓரத்தில் ஒரு கறுத்தப் பெட்டி மிஞ்சிக் கிடந்தது. பொறுப்பாக இருந்த சிஸ்டர் என்னை வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "உனக்குப் பல்லு நேரா இரிக்கு. நீ இத எடு" என்றார்.

அந்தப் பல்லின் தயவில் என் வாழ்க்கை போயிற்று.

அப்பா நீர்ப்பாசனத் திணைக்களத்தில் எழுதுவினைஞர். அம்மா சின்ன வகுப்பு ஆசிரியை. எனக்குப் பிறகு வெகுநாள் கழித்து ஒரு தம்பி. வாவியோரமாக எங்கள் வீடு. நான் பயிற்சி செய்யத் தொடங்கினால் தம்பி காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடுவான். ஆனால் வாத்தியத்தைப் பூட்டித் தரும் வேலையை அவன் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. பெட்டிக்குள் துண்டு துண்டாகக் கிடப்பதை எடுத்து, மூட்டுகளில் இருக்கும் தக்கைக்குக் கொழுப்புத் தடவி, முறுக்கிப் பூட்டி, "இந்தா, இனிக் கத்த வை" என்று நீட்டுவான். அதற்குப் பிறகுதான் ஓடுவான்.

உயர்தரம் முடித்து ஆசிரியர் பயிற்சிக்காகக் கொழும்புக்குப் போனேன். பயிற்சி முடிந்ததும் அங்கேயே ஒரு பெண்கள் பாடசாலையில் மேற்கத்திய சங்கீதம் படிப்பிக்க வேலை கிடைத்தது. பின்னேரங்களில் ஒரு சிம்பொனி இசைக்குழுவின் ஒத்திகைக்குப் போகத் தொடங்கினேன். வயலின் வாசிக்க அந்த நகரத்தில் ஆட்கள் தாராளம். காற்று வாத்தியங்களுக்குத்தான் தட்டுப்பாடு. பொலிஸ் பாண்டிலிருந்தும் படைகளின் பாண்டுகளிலிருந்தும் ஆட்களை அழைத்துத்தான் அந்த வரிசையை நிரப்புவார்கள். அந்த ஆண்கள் நடுவில் நான் ஒருத்தி. இரண்டாவது கிளாரினெட்டாகச் சேர்ந்து, முன்னால் இருந்தவர் வெளிநாடு போனதும் முதலாவது ஆனேன்.

வீட்டில் ரெலிபோன் இல்லை. பக்கத்து வீட்டுக்கு எடுத்து அம்மாவைக் கூப்பிடச் சொல்வேன். ஒருநாள், "இண்டைக்கு கொண்டக்டர் எனக்கு நல்லா ஏசிப்போட்டார் அம்மா" என்று சொன்னேன். கையில் கோலோடு முன்னால் நிற்பவரைத்தான் அப்படிச் சொன்னேன்.

"அப்ப நாளைக்கு வேற பஸ்ஸில போவன்" என்றார் அம்மா.

இதைச் சொல்லித் தம்பி மாதக்கணக்காகச் சிரித்தான் என்று கேள்விப்பட்டேன்.

தம்பியைக் கொண்டுபோன செய்தியும் அதே பக்கத்து வீட்டு ரெலிபோனில்தான் வந்தது. அவனுக்கு அப்போது பத்தொன்பது வயது. சோதனை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தான். காலையில் சைக்கிளில் போனவன் வரவில்லை. வழியில் ஒரு வாகனத்தில் ஏற்றினார்கள் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். சீருடை போட்டிருந்தார்கள் என்றார் ஒருவர். சாரம்தான் கட்டியிருந்தார்கள் என்றார் இன்னொருவர். யார் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் ஆளைக் கொண்டுபோகக்கூடியவர்கள் பல வகையாக இருந்தார்கள்.

நான் பஸ் மாறி மாறி ஊருக்கு வந்தேன். அம்மாவும் நானும் முகாம், பொலிஸ் என்று ஒவ்வொரு வாசலாகப் போய் நின்றோம். ஒரு வாசலில் இன்னொரு வாசலுக்குப் போகச் சொன்னார்கள். அங்கே போனால் முதல் வாசலைச் சொன்னார்கள். அப்பா வரவில்லை. முன் கதிரையில் உட்கார்ந்து, நாங்கள் திரும்பி வரும்போது எங்கள் முகத்தைப் பார்ப்பார்.

லீவு முடிந்தது. இசைக்குழுவுக்குக் கச்சேரி இருந்தது. நான் போய் வாசித்தேன். ஒரு இடத்தில் கிளாரினெட் வெகுநேரம் சும்மா இருந்து, பிறகு தனியாகத் தொடங்க வேண்டும். சரியான இடத்தில் தொடங்கினேன். நடத்துனர் தலையை அசைத்தார். கச்சேரி முடிந்து பெட்டியை மூடும்போது யாரோ, "வீட்டில் எல்லாரும் சுகமா?" என்று கேட்டார்கள். "சுகம்" என்றேன். அப்படிச் சொன்ன பிறகு, அதை மாற்றிச் சொல்வதற்கு ஒரு நாள் வரவே இல்லை. அந்தக் குழுவில் யாருக்கும் எனக்கு ஒரு தம்பி இருந்தது தெரியாது.

அப்பா அதன்பின் அதிக காலம் இருக்கவில்லை.

சில வருடங்கள் கழித்து எனக்குப் பக்கத்துக் கதிரைக்கு, இரண்டாவது கிளாரினெட்டாக, ஆமி பாண்டிலிருந்து ஒருவர் வந்தார். என்னைவிட வயது குறைவு. குருநாகல் பக்கத்துக் கிராமம். வெள்ளைச் சேட்டும் கறுத்தக் களிசானும் போட்டு வந்தாலும் தலைமயிர் வெட்டைப் பார்த்தாலே இராணுவம் என்று தெரிந்துவிடும். முதல் நாள் எழுந்து நின்று சிங்களத்தில், "மிஸ், நான் மெதுவாகத்தான் வாசிப்பேன். சத்தம் கூடினால் சொல்லுங்கள்" என்றார்.

எனக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். பயம் வரும் என்றும் நினைத்தேன். பக்கத்தில் ஒரு ஆமிக்காரர் உட்கார்ந்திருக்கிறார், என் தம்பி இல்லை, இந்த இரண்டையும் சேர்த்து வைத்து மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அவர் ரீட்டை நாக்கில் நனைத்துக்கொண்டிருந்தார். ரீட் என்பது கிளாரினெட்டின் வாயில் கட்டும் நாணல் சில்லு. எங்கள் இரண்டு பேருடைய பேச்சும் பெரும்பாலும் அதைப் பற்றியதுதான். மழைக்கு ஊதிப்போகிறது, கடற்காற்றுக்கு வளைகிறது, இதைப் பிளேடால் கொஞ்சம் சீவினால் சரிவரும். வருடக்கணக்காக இப்படியே கதைத்தோம்.

ஒருநாள் ஏதோ அணிவகுப்பு முடிந்து நேராகச் சீருடையோடு ஒத்திகைக்கு வந்துவிட்டார். வாசிக்கும்போது சப்பாத்துக் காலால் தாளம் தட்டினார். எப்போதும் தட்டுகிறவர்தான், ஆனால் அன்று அந்தச் சப்பாத்து மரத்தரையில் கேட்டது. நான் வாசிப்பதை நிறுத்திவிட்டேன். குழுவும் நின்றது.

"என்ன மிஸ்?" என்று மெல்லக் கேட்டார்.

"காலைத் தட்டவேண்டாம்" என்றேன்.

அவர் குனிந்து நாடாவை அவிழ்த்து இரண்டு சப்பாத்தையும் கழற்றிக் கதிரைக்குப் பின்னால் வைத்துவிட்டு, வெறும் மேசோடு, காலுறையோடு, உட்கார்ந்து வாசித்தார். பின்னால் ஹோர்ன்காரர்கள் சிரித்தார்கள். அவர் ஏன் என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அன்றைக்கு ஏதோ ஒன்று எனக்குள் அசைந்தது என்று எழுத ஆசைதான். உண்மையில் எனக்கு நினைவிருப்பது, அவருடைய ஒரு மேசில் பெருவிரல் பக்கம் ஓட்டை இருந்தது என்பது மட்டும்.

இரண்டாவது கிளாரினெட்டின் வேலை கேட்பது. முதலாவது எப்போது மூச்செடுக்கிறது, எந்த இடத்தில் ஒரு மயிரிழை இறங்குகிறது, எல்லாம் கேட்டு அதற்குக் கீழே போய் நிற்கவேண்டும். அவர் அதில் கெட்டிக்காரர். நான் சுகமில்லாமல் வந்திருந்தால் முதல் வரியிலேயே கண்டுபிடித்து, எனக்கு மூச்சு முட்டும் இடத்தில் தன் சுரத்தைக் கொஞ்சம் நீட்டி வைப்பார். கேட்பவர்களுக்கு நான் நிறுத்தியது தெரியாது.

யுத்தம் முடிந்து சில காலத்தில் ஊருக்குத் திரும்பினேன். அம்மா தனியாக இருந்தார். நான் கலியாணம் முடிக்கவில்லை. பல்கலைக்கழகத்தில் மேற்கத்திய சங்கீதம் படிப்பிக்க ஆள் தேவைப்பட்டது, விண்ணப்பித்தேன், கிடைத்தது. கச்சேரி வரும்போது மட்டும் காலை ரயிலில் கொழும்புக்குப் போய் வாசித்துவிட்டு வருவேன். முதலாவது கதிரையை எனக்காக வைத்திருந்தார்கள்.

என்னிடம் வந்த மாணவர்கள் வாய்ப்பாட்டும் வீணையும் வயலினும் படிக்க வந்தவர்கள். என் பாடம் கட்டாயம் என்பதால் உட்கார்ந்திருப்பார்கள். வந்தாறுமூலையிலிருந்தும் ஏறாவூரிலிருந்தும் பஸ்ஸில் வருவார்கள். பழுகாமத்திலிருந்து வந்த ஒருத்தி அறுவடை நாட்களில் வரமாட்டாள். வட்டையில் வேலை, மிஸ், என்று நேராகச் சொல்லிவிடுவாள். அவர்களுக்குச் சுருதி சுத்தம். என்னுடையதைவிடச் சுத்தம். ஆனால் இரண்டு பேர் ஒரே நேரத்தில் வெவ்வேறு சுரம் வாசிப்பது அவர்களுக்குப் பிழையாகவே கேட்கும்.

"மிஸ், ஒராள் பிழ விடுறா" என்பாள் பழுகாமத்துப் பிள்ளை.

"இல்ல, அது அப்பிடித்தான் எழுதியிரிக்கு."

"எழுதினவர் பிழ விட்டிரிப்பார்."

எனக்கு அந்த வேலை பிடித்ததா என்று யாராவது கேட்டால், போனேன், படிப்பித்தேன், வந்தேன் என்றுதான் சொல்ல முடியும். விடைத்தாள் திருத்தினேன். கூட்டங்களுக்குப் போனேன். வருடங்கள் அப்படிப் போயின.

ஒரு காலையில் பல் துலக்கிவிட்டு வாய் கொப்புளித்தேன். தண்ணீர் இடது பக்கத்தால் ஒழுகிச் சட்டையை நனைத்தது. மறுபடி கொப்புளித்தேன், மறுபடி ஒழுகியது. கண்ணாடியில் பார்த்தால் முகத்தின் வலது பாதி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. இடது பாதி ஒருவரையும் பார்க்கவில்லை. கண்ணை மூடினேன், ஒரு கண்தான் மூடியது.

குசினிக்குப் போய் அம்மாவைக் கூப்பிட்டேன். உதடு ஒட்டவில்லை. 'அம்மா' வரவில்லை. காற்றுத்தான் வந்தது.

அம்மா திரும்பிப் பார்த்தார். "என்னகா, முகம் கோணிக்கிடக்கு?"

ஆஸ்பத்திரியில் டொக்டர் இளம் பெண். நெற்றியைச் சுருக்கச் சொன்னார், கன்னத்தை ஊதச் சொன்னார், பல்லைக் காட்டச் சொன்னார். எல்லாவற்றுக்கும் பாதி முகம்தான் வந்தது. "இது பாரிசவாதம் இல்ல, பயப்பட வேணாம். முக நரம்பு வீங்கியிரிக்கு. கனபேருக்குச் சுகமாகும்" என்றார். பிறகு, "நீங்க என்ன வேலை?" என்று கேட்டார்.

"கிளாரினெட் வாசிக்கிற" என்று சொல்லிப் பார்த்தேன். 'வா' வரவில்லை. கையால் ஊதிக் காட்டினேன். அவர் எழுதிக்கொண்டிருந்த பேனையை ஒருமுறை நிறுத்தினார். பிறகு எழுதினார்.

கொழும்பில் கச்சேரிக்குச் சில வாரங்களே இருந்தன. நடத்துனருக்குச் சொல்வதற்கு முன்னால் பக்கத்துக் கதிரைக்காரருக்குத்தான் போன் எடுத்தேன். அவர் அப்போது ஆமியிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார், ஆனால் குழுவில் இருந்தார். என் பேச்சை இரண்டு தரம் கேட்டும் அவருக்கு விளங்கவில்லை. மூன்றாம் தரம், "மிஸ், வாய்க்கு என்ன?" என்றார்.

அந்தக் கச்சேரியில் என் பகுதியை அவர் வாசித்தார். இரண்டாவது கதிரைக்குப் பாடசாலைப் பிள்ளை ஒருத்தியைப் பிடித்தார்கள். கச்சேரி முடிந்த வாரமே, அவர் ரயில் ஏறி எங்கள் வீட்டுக்கு வருவதாகச் சொன்னார்.

அவர் ஆமியில் இருந்தவர் என்று அம்மாவிடம் நான் ஒருநாளும் சொன்னதில்லை. என்னோடு வாசிக்கிற ஒரு மாஸ்டர் என்றுதான் சொல்லியிருந்தேன். அம்மா காலையிலேயே வாவி இறால் வாங்கிவைத்தார். அவர் மத்தியானம் ஸ்டேசனிலிருந்து ஓட்டோவில் வந்து இறங்கினார். கையில் மாம்பழமும் ஒரு பெட்டி ரீட்டும். என் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் பார்க்கவில்லை. அது எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும்.

மேசையில் சோறு போடும்போது, மட்டக்களப்புக்கு முதல் தரமா வாறார் என்று கேட்கச் சொன்னார் அம்மா. கேட்டேன்.

"இல்லை, முன்பு ஒருதரம் வந்திருக்கிறேன்" என்றார் அவர். "எங்கள் ஆமி பாண்ட் ஒரு விழாவுக்கு வந்தது. மைதானத்தில் வாசித்தோம்."

'ஆமி' என்ற சொல்லுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. அம்மா அகப்பையோடு நின்றார். பிறகு அவருடைய சோற்றுக் கோப்பையில் இறால் கறியை ஊற்றினார். சொதியும் வைத்தார். உள்ளே போனார். குசினியில் ஒரு சத்தமும் இல்லை. வந்தவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் ஒரு பக்கத்தால் மென்றுகொண்டிருந்தேன்.

அம்மா வெளியே வந்து, எதிர்க் கதிரையை இழுத்து அவருக்கு நேராக உட்கார்ந்தார்.

"மகள், இவரிட்டக் கேளு."

"என்னத்தக் கேக்குற?"

"தம்பியக் கேளு."

அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் என்னைப் பார்த்தார்.

சிங்களத்தில் தம்பிக்கு மல்லி என்று சொல்வார்கள். எனக்குத் 'தம்பி'யும் வராது, 'மல்லி'யும் வராது. இரண்டுக்கும் உதடு ஒட்ட வேண்டும். இடது உதட்டை விரலால் பிடித்துச் சேர்த்துக்கொண்டு, "எனக்கு ஒரு மல்லி இருந்தான்" என்றேன். அத்தனை வருடம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம் அன்றுதான் அதைச் சொன்னேன். சந்தைக்கு வழி சொல்வதுபோலத்தான் என் குரல் கேட்டது.

அவர் சாப்பாட்டை நிறுத்திவிட்டார். "எப்போது?" என்றார். சொன்னேன்.

"நான் வாத்தியம் வாசித்தவன், மிஸ்" என்றார். அதற்குப் பிறகு அம்மாவின் பக்கம் திரும்பி, பெயர் என்ன, எந்த ரோட்டு, என்ன உடுப்பு என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்.

அம்மா தமிழில் சொல்லச் சொல்ல நான் சிங்களத்தில் சொன்னேன். "நீலச் சேட்டு. பொக்கற்றுல பட்டன் கழண்டு, நான் வெள்ள நூலால தச்சு விட்டன். கறுத்தக் களிசான். தலமயிர் வெட்டிட்டு வாறன் எண்டு போனவன்."

சோதனை முடிவு பார்க்கத்தான் அவன் போனான் என்று நான் அதுவரை நினைத்திருந்தேன். யார் அப்படிச் சொன்னார்கள் என்று தெரியவில்லை. தலைமயிர் வெட்டத்தான் போயிருக்கிறான். அதையும் மொழிபெயர்த்தேன்.

அவருடைய விரல்களில் சோறு காய்ந்துபோயிருந்தது. "கேட்டுப் பார்க்கிறேன் அம்மே" என்றார். அம்மாவுக்கு அது விளங்கியது. "கறி போடட்டா எண்டு கேளு" என்றார். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

சாப்பிட்ட பிறகு என் கிளாரினெட்டை எடுத்துவரச் சொன்னார். நோய் வந்த நாள்முதல் பெட்டியைத் திறக்கவில்லை. ஊதினேன், காற்று முழுக்க இடது பக்கத்தால் போனது. அவர் கொஞ்சம் யோசித்து, "வாத்தியத்தின் அடியை முழங்காலில் ஊன்றுங்கள். வலது கையால் உதட்டைச் சேர்த்துப் பிடியுங்கள். இடது கை மட்டும் வாசிக்கட்டும்" என்றார்.

இடது கைக்கு ஐந்து சுரம்தான் கிடைக்கும். அந்த ஐந்தும் வந்தன. சத்தம் கரகரத்தது, ஆனால் சுரம் நின்றது. அவர் தன் வாத்தியத்தைக் கொண்டுவரவில்லை. சும்மா உட்கார்ந்து கேட்டார்.

அவரை ரயிலில் ஏற்றிவிட்டு வந்து அம்மாவிடம் கேட்டேன். "அவர் என்ன செய்வார் எண்டு அவரிட்டக் கேட்டீங்க?"

அம்மா கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். "வேற ஆரிட்டக் கேக்குற? இத்தன காலத்துக்கு நம்மட வீட்டுக்கு வந்து சோறு திண்ட ஆமிக்காரன் இவர் ஒராள்தானே."

"கோபம் வரல்லயா?"

"வந்திச்சு. குசினிக்குள்ள நிண்டன். பொறகு கறி ஆறப்போகுதெண்டு வந்தன்."

இரண்டாம் பருவம் தொடங்கியதும் நான் வகுப்புக்குப் போனேன். வலது கையால் உதட்டைப் பிடித்துக்கொண்டு ஐந்து சுரம் வாசித்தேன். பின்வரிசையில் ஒரு பெடியன் சிரித்தான். பழுகாமத்துப் பிள்ளை திரும்பி அவனைப் பார்த்தாள், அவன் நிறுத்திவிட்டான். வாயால் விளக்கமாட்டேன், வாசித்துக் காட்டுவதை நீங்கள் பாடவேண்டும் என்று பலகையில் எழுதினேன். அவர்கள் பாடினார்கள். ஸ ரி க ம ப.

"மிஸ்," என்றாள் அந்தப் பிள்ளை, "மவும் பவும் ஒங்கட வாயால வருகுதில்ல. குழலால வருகுது."

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். பாதி முகத்தை வைத்து அவர்கள் எப்படிக் கண்டுபிடித்தார்களோ தெரியாது.

அந்தப் பருவம் முழுக்க அந்த ஐந்து சுரத்துக்குள்ளேயே படிப்பித்தேன். வகுப்பின் ஒரு பக்கத்துக்கு ஒரு சுரத்தைக் கொடுத்து மற்றப் பக்கத்துக்கு வேறொன்றைக் கொடுத்தேன். நான் நடுவில் நின்று மூன்றாவதைப் பிடித்தேன். ஒருநாள் பார்த்தால், யாரோ ஒருவர் பிழை விடுகிறார் என்று சொல்வதை அவர்கள் நிறுத்தியிருந்தார்கள். எப்போது நிறுத்தினார்கள் என்று நான் கவனிக்கவில்லை. முன்பு முழு வாத்தியத்தோடு படிப்பித்தபோது அது நடக்கவில்லை.

அந்த மாஸ்டர் சொன்னபடி தம்பியைப் பற்றிக் கேட்டுப் பார்த்தார். ஆமியில் ஒன்றாக வேலை செய்த சிலரிடம் போனில் கேட்டிருக்கிறார். ஓய்வுபெற்ற ஒரு அதிகாரியின் வீட்டுக்கு நேரில் போயிருக்கிறார். அந்த மனிதர் தேத்தண்ணி கொடுத்து, பிள்ளைகளின் படிப்பு, தென்னை விலை எல்லாம் கதைத்து, கடைசியில், "அதெல்லாம் அந்தக் காலம்" என்று எழுந்துவிட்டாராம். இன்னும் ஒருவர், பாண்ட்காரனுக்கு இது என்ன வேலை என்று கேட்டாராம்.

இதை என்னிடம் சொல்லிவிட்டு, "அம்மேயிடம் நானே சொல்ல வேண்டும்" என்றார். அம்மாவுக்குச் சிங்களம் தெரியாது என்றேன். பரவாயில்லை, கொடுங்கள் என்றார். போனை அம்மாவின் காதில் வைத்தேன். அவர் வெகுநேரம் சிங்களத்தில் பேசினார். அம்மா, "ஓம்... ஓம்..." என்று கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் போனைத் தந்தார்.

"என்ன சொன்னார் எண்டு விளங்கிச்சா அம்மா?"

"கேட்டவர் எண்டு சொல்றார். ஒண்டும் இல்ல எண்டு சொல்றார்."

"ஓம்."

"கேட்டவர்தானே" என்று சொல்லிவிட்டு அம்மா வெளியே போய்க் கொடியில் கிடந்த துணிகளை எடுத்தார். மழை வரும்போல இருந்தது. நானும் போய் எடுத்தேன்.

பிறகும் அவர் மாதத்தில் ஒருதரம் போன் எடுப்பார். "சாப்பிட்டாச்சா அம்மா?" என்று தமிழில் கேட்கப் பழகியிருக்கிறார். அம்மா சாப்பிட்டதைச் சொல்வார். அவரை மகன் என்று அம்மா ஒருநாளும் கூப்பிட்டதில்லை. 'அந்த மாஸ்டர்' என்றுதான் சொல்வார்.

என் முகம் பெரும்பாலும் திரும்பிவிட்டது. சிரித்தால் இடது கண் கொஞ்சம் சுருங்கும், களைத்தால் வாயோரம் இறங்கும். தெரியாதவர்களுக்குத் தெரியாது. ஆனால் உதட்டுத் தசை ஒரு பாட்டுக்கு மேல் நிற்காது. ஒரு கச்சேரி முழுக்க நிற்க அதற்கு வராது. நடத்துனருக்குச் சொன்னேன். அவர் மிகவும் வருந்தினார். நான் அவரைத் தேற்றினேன்.

போன வருடம் குழுவின் கச்சேரி ஒன்றுக்குப் போனேன். மேடையிலிருந்து எத்தனையோ தரம் பார்த்த மண்டபத்தில் முதல் தரமாக ஆட்கள் நடுவில் உட்கார்ந்தேன். முதலாவது கதிரையில் அந்தப் பாடசாலைப் பிள்ளை இருந்தாள், இப்போது வளர்ந்துவிட்டாள். அவர் இரண்டாவது கதிரையிலேயே இருந்தார். முதலாவதை அவருக்குக் கொடுக்கப் பார்த்தார்கள், அவர்தான் மறுத்தார் என்று பிறகு அறிந்தேன்.

கிளாரினெட் மண்டபத்தில் எவ்வளவு சின்னதாகக் கேட்கிறது என்று அன்றுதான் தெரிந்தது. உள்ளே இருந்து ஊதும்போது தலை முழுக்க அதுதான் இருக்கும். வெளியே, வயலின்களுக்குப் பின்னால், ஒரு மெல்லிய கோடு. அதற்குக் கீழே இன்னொரு கோடு இருந்தது. ஆட்களுக்கு அது தெரிந்திருக்காது. பிள்ளை ஓரிடத்தில் மூச்சுக்காக நிறுத்தினாள். கீழ்க்கோடு நீண்டு அந்த இடத்தை மூடியது. எனக்குப் பக்கத்தில் இருந்தவர் நிகழ்ச்சிநிரலால் விசிறிக்கொண்டிருந்தார்.

நான் அழவில்லை. அழுகை வந்தால் நல்லது என்று ஒரு யோசனை வந்தது, அது வந்த வழியே போயிற்று.

முடிந்ததும் பின்வாசலில் நின்று பிளேன்டீ குடித்தோம். "எப்படி இருந்தது, மிஸ்?" என்று கேட்டார்.

"அவளுடைய மேல் சுரங்களில் சுருதி கொஞ்சம் ஏறுகிறது. ரீட்டை மாற்றச் சொல்லுங்கள்."

"நானும் சொன்னேன். கேட்கிறாள் இல்லை."

அடுத்த நாள் காலை ரயிலில் திரும்பினேன். இந்த வருடக் கடைசியில் எனக்கு ஓய்வு. என் பாடத்துக்கு யாரை எடுப்பார்கள் என்று தெரியாது. வீட்டுக்கு வந்து பையை வைக்கும்போது அம்மா கட்டிலில் படுத்தபடி கேட்டார்.

"அந்த மாஸ்டர் எப்பிடி இரிக்கார்?"

"நல்லா இரிக்கார்."

"மெலிஞ்சிட்டாரா?"

"கொஞ்சம்."

"அடுத்த மாரிக்கு முன்ன ஒருக்கா வரச் சொல்லு. இறால் மலிவா வருகுது" என்றார் அம்மா. நான் சரி என்று சொல்லிவிட்டு உடுப்பு மாற்றப் போனேன்.